பேய் பார்த்த செருப்பு

பேய் கேம் செய்யக் கிளம்பியிருக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் என் பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வருவது நான் செய்த கேம் அல்ல. என் முகத்தின் மேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பை ஒட்டி யாரோ செய்த படம். செய்தவர் திறமைசாலி. செருப்பு வார் என் மூக்கின் இரண்டு பக்கமும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. இருபது வருடம் கல்யாண ஆல்பம் செய்தவன் என்ற முறையில் அந்த வேலையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் படத்துக்கு நான் தகுதியானவன்தான். எப்படித் தகுதி பெற்றேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். உங்கள் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நீங்கள் அனுப்பிய கடிதத்தில் என்னை 'ஓய்வு பெற்ற முன்னோடி' என்று குறிப்பிட்டிருந்தீர்கள். படித்து ஒரு நாள் முழுக்க மிதப்பாக இருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், நான் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் முதலில் பள்ளத்தில் விழுந்தவன். பள்ளம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கைகாட்ட மட்டும் எனக்குத் தகுதி உண்டு. ஓய்வு என்பதும் பெரிய வார்த்தை. கண்ணில் நீர் வடிகிறது, மணிக்கட்டு மடங்க மறுக்கிறது, டாக்டர் மவுஸைத் தொடக்கூடாது என்றார், விட்டுவிட்டேன்.

புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் எனக்கு ஒரு வீடியோ மிக்ஸிங் கடை இருந்தது. மணமக்கள் முகம் தாமரைப் பூவுக்குள்ளிருந்து எழும்புவது, மாமனாரும் மாமியாரும் இரண்டு அன்னப்பறவை மேல் மிதந்து வருவது, இதெல்லாம் என் கைவண்ணம். ஒரு கல்யாணப் படம் கம்ப்யூட்டரில் முழுதாகத் தயாராகி வெளிவர ஐந்தாறு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பேய் கேமாக விளையாடித் தள்ளுவேன். ட்ரோன் வைத்திருக்கும் பிள்ளைகள் வந்து என் தாமரைகளைக் காலி செய்தபோது, நாமே ஒரு பேய் கேம் செய்தால் என்ன என்று தோன்றியது. எத்தனையோ கல்யாணங்களைப் பார்த்தவனுக்குப் பயத்தைப் பற்றித் தெரியாதா என்ன.

கேமின் பெயர் 'உச்சிப்பொழுது'. பேய் என்றால் இருட்டு என்றுதான் உலகம் நினைக்கிறது. நம் பக்கத்தில் உச்சி வெயிலில் தனியாகப் போகாதே என்றுதானே பயமுறுத்துவார்கள்? அதனால் என் கேமில் இருட்டே கிடையாது. அரிமளம் பக்கம் இருக்கிற மாதிரி ஒரு தைலமரக் காடு. மரங்கள் வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே தினுசாக நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் திரும்பாத மாதிரியே இருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவன் பைக் பஞ்சராகி அங்கே மாட்டிக்கொள்கிறான். காட்டுக்குள் ஆள் இல்லாத ஏழு ஓட்டு வீடுகள். ஏதோ ஒன்று அவனைத் தேடி வருகிறது. சண்டை போட ஆயுதம் கிடையாது. கையில் தண்ணீர் பாட்டில் மட்டும்தான். ஓடலாம், வீட்டுக்குள் ஒளியலாம், மூன்று மணி டவுன் பஸ் வரும்வரை உயிரோடு இருந்தால் ஜெயித்தீர்கள். தேடி வருவதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. 'அது' என்றே சொல்லிக்கொண்டோம்.

நாங்கள் மூன்று பேர். கதையும் காட்சியும் நான். அரிமளத்திலிருந்து தினமும் பைக்கில் வந்துபோகும் முருகேசன் புரோகிராம் எழுதினான். ஆளும் பேயும் நடப்பது, ஓடுவது, குனிவது, மூச்சு வாங்குவது என எல்லா அசைவுகளையும் செய்தவள் பரிதா. கோட்டைப்பட்டினத்துப் பெண். சென்னையில் ஒரு கம்பெனியில் அனிமேஷன் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி, புருஷன் துபாய்க்குப் போன பிறகு ஊரிலேயே இருந்தாள். வாரத்துக்கு ஒரு நாள் பஸ் பிடித்துக் கடைக்கு வருவாள். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே அனுப்புவாள். சேரும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, பெங்களூர்ல ஒரு ஸ்டுடியோ இருக்கு. வீட்ல இருந்தே வேலை பாக்கலாம்ங்கிறாங்க. ஆனா சொந்தமா செஞ்சதை எதையாச்சும் காட்டுனாத்தான் சேப்பாங்களாம். சென்னையில செஞ்சது எதுலயும் எம்பேரு இல்லண்ணே. இந்தக் கேமை காட்டித்தான் நான் வேலை கேக்கணும். அதுக்காகத்தான் வாரேன்."

"இது வெளிய வரட்டும்மா, அவங்களே ஒன்னைத் தேடி வருவாங்க" என்றேன். நான் தாராளமாக வாக்குக் கொடுப்பவன். அதற்குச் செலவு இல்லை.

வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு கடை வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தேன். பேய் கேமுக்கு ஃப்ளெக்ஸ் வைத்த முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். பன்னிரண்டடி உயரத்தில் கூலிங் கிளாஸ் போட்டு நான். என் முழங்காலுக்குப் பக்கத்தில் தபால்தலை அளவில் முருகேசன். பரிதா தன் படம் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், அவளுக்குப் பதிலாக ஒரு ரோஜாப்பூவைப் போட்டு, கீழே 'அனிமேஷன்' என்று எழுதியிருந்தேன். பெயரைப் போட மறந்துவிட்டேன். அந்த வாரம் கடைக்கு வந்தவள் கீழே நின்று அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பூ நல்லாருக்குண்ணே" என்று மட்டும் சொன்னாள். நான் அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இனி செருப்புக்கு வருகிறேன்.

முருகேசன் பேய்க்கு ஒரு விதி எழுதியிருந்தான். விளையாடுபவர் கீழே விட்டுவிட்டுப் போன பொருள் எதுவாவது 'அது' கண்ணில் பட்டால், உடனே அந்த இடத்துக்குப் பக்கத்தில் தேட வேண்டும். காலி தண்ணீர் பாட்டிலைக் கண்ட இடத்தில் வீசுகிறவர்கள் மாட்டட்டும் என்று எழுதிய விதி அது. ஓடும்போது செருப்பு அறுந்துபோனால் வெறுங்காலில் நடக்க வேண்டும், மண் சுடும், உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று இன்னொரு விதியும் உண்டு. பரிதா தன் பங்குக்கு, ஆள் வீட்டுக்குள் நுழையும் அசைவைச் செய்தாள். அவன் வாசலுக்கு வருவான், ஒரு காலால் மறு காலின் செருப்பைத் தள்ளிக் கழற்றுவான், இரண்டையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே போவான். ரொம்ப அழகான அசைவு. அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று ஒரு வருடம் எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை. வீட்டுக்குள் போகிறவன் வேறு எப்படிப் போவான்?

புதுக்கோட்டையில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளையாடச் சொன்னோம். ஒவ்வொருவராக வீட்டுக்குள் ஒளிந்தார்கள், ஒவ்வொருவராகச் செத்தார்கள். எதிர்க் கடையில் உர வியாபாரம் செய்பவர் மூன்று தடவை செத்துவிட்டு எழுந்தார்.

"எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. செருப்பு வாசல்ல கெடக்குல்ல, அப்பறம் அது வராம என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். உலகத்தில் யாரும் சொல்லாததை அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். நான் நோட்டில் 'உர வியாபாரி: நல்லாருக்கு என்றார்' என்று குறித்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கேமை வெளியிட்டோம். சனிக்கிழமை மதியம் விமர்சனங்கள் வரத் தொடங்கின. பயம் என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. எல்லாவற்றிலும் செருப்புதான் இருந்தது. பேய் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறது, இந்த ஆள் ஏன் நின்று நிதானமாகச் செருப்பைக் கழற்றுகிறான் என்று பல நாடுகளிலிருந்து ஒரே கேள்வி. எங்கே ஒளிந்தாலும் உடனே கண்டுபிடித்துவிடுகிறதே, இது என்ன நியாயம் என்று சிலர். தாடி வைத்த ஒருவர் விளையாடிக்கொண்டே காணொளி போட்டிருந்தார். ஒவ்வொரு தடவை செருப்பு கழலும்போதும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சிரித்தார். கேமின் பக்கத்தில் கட்டைவிரல் கீழே நோக்கியபடி வரிசையாக நின்றது. ஃப்ளெக்ஸில் நான் கூலிங் கிளாஸுடன் வீதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பரிதாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, பேய் தொரத்துறப்ப எவனாச்சும் செருப்பைக் கழட்டிட்டு நிப்பானா?"

"வீட்டுக்குள்ள போறான்லண்ணே."

"அதுக்கு?"

"செருப்போட எப்படிண்ணே உள்ள போவான்?"

பதில் இல்லாத நேரத்தில் குரலை உயர்த்துவது என் வழக்கம். "ஒனக்கு எல்லாம் வெளயாட்டா இருக்கு. இங்க என் மானம் கப்பலேறுது" என்று கத்தினேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு நாள் பொறுங்கண்ணே. நானும் அந்தத் தாடிக்காரரு வீடியோவைப் பாத்தேன். சிரிக்கிறாரு, ஆனா வெளயாடுறதை நிறுத்தல. நாலு மணி நேரமா உக்காந்து வெளயாடுறாரு. அதைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. சிரிப்பு வந்த இடம் வரைதான் பார்த்தேன், அதற்கு மேல் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். உங்கள் கேமை வாங்கியவர்கள் உங்களைத் திட்டும்போது அவர்கள் வாயைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். வாய் திட்டிக்கொண்டிருக்க, கை விளையாடிக்கொண்டிருந்தால் நீங்கள் ஒன்றும் செய்யாமல் டீ குடிக்கப் போகலாம். இதை எனக்கு அன்றைக்கே பரிதா சொன்னாள். நான் டீ குடிக்கப் போகவில்லை. முருகேசனைக் கூப்பிட்டேன்.

"செருப்பு கழட்டுறதை எடுத்துரு."

"எடுக்குறது சுலபம்ணே. ஒரு தடவ நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்."

யோசிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்டேட் போய்விட்டது. ஆள் இப்போது செருப்புக் காலோடு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனான். அதோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. அப்டேட்டுடன் ஓர் அறிவிப்பும் எழுதினேன். ஆங்கிலத்தில், அகராதி பார்த்து, கௌரவமாக. 'எங்கள் அனிமேட்டரின் கவனக்குறைவால் ஏற்பட்ட செருப்புப் பிழை சரிசெய்யப்பட்டது. வருந்துகிறோம்.' கேமின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அனிமேட்டர் என்று ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. வருந்துவதற்கு மட்டும் நாங்கள் எல்லோரும் சேர்ந்திருந்தோம்.

திங்கட்கிழமை ஒரு பெண் போட்ட காணொளி வந்தது. பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் இருப்பவர். முகம் காட்ட மாட்டார், குரல் மட்டும்தான். பெயர் இன்று வரை எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தொழிலில் எனக்கு குரு என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான். அப்டேட் வருவதற்கு முன்பே விளையாடிப் பதிவு செய்திருந்தார். முதலில் அவரும் சிரித்தார். மூன்றாவது தடவை செத்த பிறகு சிரிப்பு நின்றது. வாசலில் கிடந்த செருப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் வீட்டின் முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார், பின்வாசல் வழியாக வெளியேறினார், சுடுகிற மண்ணில் வெறுங்காலோடு ஓடி நான்காவது வீட்டுக்குள் ஒளிந்தார். 'அது' வந்தது. செருப்பைப் பார்த்தது. முதல் வீட்டுக்குள் போனது.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மற்றப் பேய் கேம்களில் கையில் கத்தி கொடுப்பார்கள், விளக்கு கொடுப்பார்கள், இந்த ஆளிடம் இருப்பது ஒரு நல்ல பழக்கம் மட்டும்தான், அந்தப் பழக்கமே அவனைக் காட்டிக்கொடுக்கிறது, அதே பழக்கத்தை வைத்துத்தான் பேயை ஏமாற்ற வேண்டும், ஆனால் காலைச் சுட்டுக்கொள்ளாமல் ஏமாற்ற முடியாது, இதை யோசித்தவர் யாரோ, அவரை நான் பார்க்க வேண்டும் என்றார். நான் நாற்காலியில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். என் கேமைப் பார்த்து நான் பயந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு திட்டு வேறு திசையிலிருந்து வந்தது. செருப்பு எங்கே? செருப்பைத் திருப்பிக் கொடு. கேமின் உயிரையே எடுத்துவிட்டாயே. அறந்தாங்கியிலிருந்து ஒருவர், "மூணாவது வீட்டு வாசல்ல செருப்ப விட்டுட்டு அஞ்சாவது வீட்ல ஒளிஞ்சு பஸ்ஸையே புடிச்சேன்டா, இப்ப வந்து எடுத்துட்டீங்களேடா பாவிகளா" என்று எழுதியிருந்தார். சத்தம் போடாமல் செருப்பைத் திரும்ப வைத்தோம். வாரம் முடிவதற்குள் கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக மேலே திரும்பின. சிரித்த தாடிக்காரரே வந்து மன்னிப்புக் கேட்டு இன்னொரு காணொளி போட்டார். அறிவிப்பை மட்டும் நான் எடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வியாழக்கிழமை மதியம் ஒரு தமிழ்ச் சேனலிலிருந்து நேரலைப் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டை, பின்னால் ஃப்ளெக்ஸ் தெரிகிற மாதிரி நாற்காலி. பேட்டி எடுத்த தம்பி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், அந்தச் செருப்பு ஐடியா எப்படி சார் வந்துச்சு? யாரோடது?"

பதில் ஒரு வரிதான். எங்களுக்கே தெரியாது தம்பி, எங்க அனிமேட்டர் பரிதா செஞ்ச அசைவு அது. இதைச் சொல்ல மூன்று விநாடி ஆகும். அந்த மூன்று விநாடியில் எனக்குள் இருந்த பன்னிரண்டடி ஆள் எழுந்து நின்றுகொண்டான்.

"அது நம்ம மண்ணோட பண்பாடு தம்பி. ரொம்ப நாள் யோசிச்சு வச்சேன்."

"அப்பறம் ஏன் சார் பிழைன்னு சொல்லி எடுத்தீங்க?"

"அது ஒரு உத்தி தம்பி. எடுத்தாத்தானே அருமை தெரியும்?"

"அனிமேட்டர் கவனக்குறைவுன்னு போட்டிருந்தீங்களே?"

"சின்னப் பொண்ணு, புதுசு. ஒவ்வொரு அசைவையும் நான்தான் கூடவே உக்காந்து சொல்லிக் குடுத்தேன்."

பரிதா சென்னையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். எனக்கு அனிமேஷனில் ஒரு கையை ஆட்டக்கூடத் தெரியாது. நான் மேலும் இருபது நிமிடம் பண்பாட்டைப் பற்றிப் பேசினேன். அதை எல்லாம் இங்கே எழுதினால் நீங்கள் மலரைக் கீழே வைத்துவிடுவீர்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பரிதாவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது. கேமுக்காகச் செய்த எல்லா ஃபைல்களையும் பெயர் போட்டு, வரிசைப்படுத்தி, ஒன்றுவிடாமல் அனுப்பியிருந்தாள். 'எல்லாம் இதுல இருக்கு. இனிமே வேற ஆள் பாத்துக்கங்க.' போன் போட்டேன், எடுக்கவில்லை. முருகேசன் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"பரிதா ஒங்ககிட்ட சொல்லாதுண்ணே, நான் சொல்றேன். பெங்களூர் ஸ்டுடியோவுக்கு செருப்பு கழட்டுற சீனைத்தான் முதல்ல வச்சு அனுப்பியிருக்கு. அவங்க ஒங்க அறிவிப்பைப் பாத்துருக்காங்க. பேட்டியையும் பாத்துருக்காங்க. அறிவிப்புல அனிமேட்டர் கவனக்குறைவுன்னு போட்டிருக்கு, பேட்டியில நான்தான் எல்லாம் சொல்லிக் குடுத்தேங்கிறாரு, அப்ப நீங்க செஞ்சது என்னன்னு அதுகிட்ட கேட்டு எழுதியிருக்காங்க. திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். அது என்னத்தைச் சொல்லும்?"

இத்தனைக்கும் நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. கொஞ்சம் பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அதற்கு இன்னொருத்தியின் பிழைப்பு தேவைப்பட்டிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி, கோட்டைப்பட்டினம் போனேன். அறந்தாங்கியில் அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டேன். செய்த காரியத்துக்கு அரைக் கிலோ போதுமா என்று கடையில் நின்று யோசித்ததும் உண்மை. பள்ளிவாசல் தெருவில் வீடு. பரிதாவின் மாமியார் கதவைத் திறந்து, "வாங்க, வெயில்ல வந்துருக்கீங்க" என்று உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவருக்கு விஷயம் தெரியும் என்பது தண்ணீர் கொடுத்த விதத்திலேயே தெரிந்தது. பரிதா வந்து எதிரில் நின்றாள்.

பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் போய்விட்டது. "மன்னிச்சுரும்மா" என்றேன்.

"எதுக்கு?"

"பேட்டியில அப்படிச் சொன்னதுக்கு. அறிவிப்புல போட்டதுக்கு."

"அதை எங்கிட்டயா சொன்னீங்க? எனக்குத்தான் நடந்தது தெரியுமே. எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகுது? எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

கேமின் பக்கத்தில் போடுவதற்கு அங்கேயே உட்கார்ந்து போனில் எழுதினேன். 'செருப்பு என்பது எங்கள் குழுவின் கூட்டு முயற்சி' என்று ஆரம்பித்து நாலு வரி. நீட்டினேன். படித்தாள்.

"குழுவா? செருப்பைக் கழட்டுனது நான். அதைப் பேய்க்குத் தெரியிற மாதிரி எழுதுனது முருகேசன். நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான்..."

"எடுக்கச் சொன்னீங்க. அதைப் போடுங்க."

அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை அவளைத் தூக்கிவைத்து எழுதினேன். 'பரிதாவின் ஆழ்ந்த சிந்தனையில் உதித்த தொலைநோக்கு' என்று ஒரு வரி. கல்யாண ஆல்பத்து வாழ்த்து எழுதி எழுதிக் கை அப்படித்தான் போகும். அவள் தலையை ஆட்டினாள்.

"இதுவும் பொய். நான் ஒண்ணும் யோசிச்சு வைக்கல. வீட்டுக்குள்ள போறவன் எப்படிப் போவானோ அப்படிச் செஞ்சேன், பாக்க சரியா இருக்கணும்னு பதினெட்டு தடவ திருத்துனேன். அது மட்டுந்தான் என்னோடது. நாளைக்கு அவங்க தொலைநோக்கைக் கேட்டா நான் எங்க போய் எடுத்துக் காட்டுறது?"

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அவளுக்கு வேலை வேண்டும். என் ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் அடைத்து, அவளுக்குச் சாதகமாகவே எழுதித்தருகிறேன் என்கிறேன். வேண்டாம் என்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தத் தொலைநோக்கைப் பன்னிரண்டடி உயரத்துக்கு அடித்து மாட்டியிருப்பேன்.

மூன்றாவதாக எழுதியது இது. 'செருப்பைக் கழற்றும் அசைவை உருவாக்கியவர் பரிதா. எல்லா அசைவுகளும் அவர் செய்தவை. நான் எதையும் சொல்லித்தரவில்லை, எனக்குத் தெரியாது. அது பேய்க்குத் தெரியும் என்று எங்கள் மூவருக்குமே தெரியாது. நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். நீங்கள் சிரித்ததும் நான் பயந்துபோய் அதை எடுக்கச் சொன்னேன், அவர் மேல் பழி போட்டு அறிவிப்பு எழுதினேன், நீங்கள் பாராட்டியதும் பேட்டியில் என்னுடையது என்று சொன்னேன். அறிவிப்பும் பொய், பேட்டியும் பொய்.' ஆங்கிலத்திலும் எழுதினேன். அகராதி தேவைப்படவில்லை, எல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள்.

அவள் இரண்டு தடவை படித்தாள். எதையும் மாற்றவில்லை. "போடுங்க" என்றாள்.

விரலை வைத்து அழுத்துவதற்கு எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. மாமியார் வந்து டீ வைத்துவிட்டுப் போனார். ஆறிய பிறகுதான் அழுத்தினேன். பேட்டி எடுத்த தம்பிக்கும் அதையே அனுப்பினேன். எழுந்து வாசலுக்கு வந்தபோது பரிதா பின்னாலேயே வந்தாள்.

"நாலு மணிக்கு அறந்தாங்கி பஸ் இருக்கு சார். அதை விட்டா அடுத்தது ஆறு மணிக்குத்தான்" என்றாள். அல்வாவைத் திருப்பித் தரவில்லை, அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

அறந்தாங்கி வந்து சேர்வதற்குள் நான் முதலில் சொன்ன படம் வெளியாகிவிட்டது. அடுத்த ஒரு மாதம் உலகத்தில் நான் வாங்காத பேச்சு இல்லை. கேம் அதனால் கெடவில்லை. ஓர் ஆள் அசடு வழிந்தால் ஜனங்கள் அவன் கடையைப் பார்க்க வரத்தான் செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமையே ஸ்டுடியோவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது, நான் போட்டது உண்மைதானா என்று கேட்டு. ஆம் என்று ஒரு வரியில் பதில் எழுதினேன். அந்த மாதக் கடைசியில் பரிதாவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று முருகேசன் சொன்னான். கோட்டைப்பட்டினத்தில் இருந்துகொண்டேதான் இப்போதும் பார்க்கிறாள். ஃப்ளெக்ஸை நானே ஏணி போட்டு ஏறிக் கழற்றினேன். உர வியாபாரி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

உங்களுக்கும் இது நடக்கும். செருப்பு வேண்டாம், வேறு ஏதாவது நடக்கும். உங்கள் கூட இருப்பவர் கை போன போக்கில் ஒன்றைச் செய்திருப்பார், உலகம் முதலில் அதைப் பார்த்துச் சிரிக்கும், பிறகு கைதட்டும். சிரிக்கும்போது அவரைக் காட்டிக்கொடுக்காதீர்கள், கைதட்டும்போது அவரை மறைக்காதீர்கள். நான் ஒரே வாரத்தில் இரண்டையும் செய்தவன். மன்னிப்பு என்று வந்தால் யாரிடம் பொய் சொன்னீர்களோ அவர்களிடம் போய்க் கேளுங்கள். சீக்கிரம் கேட்டால் போனதெல்லாம் திரும்பி வந்துவிடும் என்று மட்டும் எண்ணிக்கொள்ளாதீர்கள்.

போன வருடம் பரிதா வேலை பார்த்த கேம் ஒன்று வெளியானது. பெரிய கேம். கடைசியில் ஓடும் பட்டியலில் அவள் பெயர் வரும்வரை, டாக்டர் சொன்னதையும் மீறி, கண்ணில் நீர் வடிய உட்கார்ந்திருந்தேன். பெயர் வந்ததும் போன் போட்டேன். சந்தோஷமாகப் பேசினாள். கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பையன் மூன்றாவது படிக்கிறான் என்றாள். "ரொம்ப நன்றி சார், ஒடம்பைப் பாத்துக்கங்க சார்" என்றாள். வைத்துவிட்டு, இந்தப் பெண் என்ன நம்மைப் போய் சார் என்கிறாளே என்று நினைத்தேன். அப்புறம்தான் யோசித்துப் பார்த்தேன். கோட்டைப்பட்டினத்தில் பஸ் நேரம் சொன்னாளே, அன்றிலிருந்து அவள் என்னை ஒரு தடவைகூட அண்ணே என்று கூப்பிடவில்லை.